குடித்துக் காட்டும் தண்ணீர்

வளைகுடா ஊரான சோஹாரில், குன்றின்மேல் இருந்த பூங்காவுக்கு வேன் வந்து நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அந்தப் புல்வெளிக்கு அடியில்தான் ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் கொடுத்த தொட்டி. கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை வந்ததும் மூடிவிட்டார்கள். இப்போது பூங்காக் குழாய்களுக்காகத் திறக்கிறார்கள்.

வீரபாண்டியும் ஜெயமணியும் அதைச் சுரண்டிக் கழுவி, மருந்தடித்து, நேற்றுத்தான் புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். இன்று பாக்கி ஒன்றுதான். கழுவியவன் அதிகாரி முன்னால் ஒரு கிளாஸ் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தால்தான் வீரபாண்டிக்கு லீவு என்று சூப்பர்வைசர் சேதுமாதவன் முடிச்சுப் போட்டிருந்தார். ஊரில் அவன் மனைவிக்கு நிறைமாதம்.

மூடியைத் தூக்கியதும் வாடை மூக்கில் அறைந்தது. ஊசிப்போன கறிக்குழம்பு வாடை. தண்ணீர்மேல் ஓர் எண்ணெய்ப் படலம், தோல்போலச் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

“அண்ணே, நேத்து நாமதான கழுவுனோம்?”

“கழுவுனா போயிருமாடா?” ஜெயமணி குரலைத் தாழ்த்தினான். “முந்தி ஒரு செட்டு கழுவ வந்துச்சாம். இறங்குறவன் செருப்ப மூடிகிட்ட விட்டுட்டு இறங்கணும். செருப்பு இல்லன்னா எல்லாரும் ஏறிட்டாங்கன்னு அர்த்தம்.”

“சரி?”

“ஒருத்தன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். காலுல செருப்பே கிடையாது.”

வீரபாண்டி தன் செருப்பைப் பார்த்தான்.

“அவன் உள்ள இருக்கயிலேயே மூடித் தண்ணிய விட்டுட்டானுவ. கஃபீலுக்கு, அதான் அரபி முதலாளிக்கு, தெரியாம ஓடிட்டான்னு நெனச்சு ஒருத்தனும் தேடல.”

“ஊரு சனம்?”

“குடிச்சுச்சு. அடுத்த கோடை வரைக்கும். தண்ணி ருசியா இருக்குன்னு பேச்சு வேற.”

“என்னடா அங்க ரகசியம்?” சேதுமாதவன் கத்தினார். “யல்லா, சீக்கிரம்! சார் வந்தாச்சு.”

“வாடை வருது சார்.”

“எனக்கு வரலியே. மசக்கை உன் பொண்டாட்டிக்கா, உனக்கா? குடி. இல்லேன்னா லீவு மாஃபி, கிடையவே கிடையாது.”

கிளாஸில் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தது.

மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தான்.

வெதுவெதுப்பு. கஞ்சிபோலக் கொழகொழப்பு. நாக்கின் மேல் எதுவோ ஊர்ந்து, தானாகவே உள்ளே இறங்கியது.

“கலாஸ்!” வேலை முடிந்தது என்று அதிகாரி சிரித்துக் கைகொடுத்தார். சேதுமாதவன் குழாயைத் திறந்துவிட்டார். பூங்காவுக்கு வந்திருந்த பிள்ளைகள் ஓடிவந்து வாய் வைத்தார்கள்.

லீவு கிடைத்துவிட்டது.

வீரபாண்டி புதருக்குப் பின்னால் போய், வாயில் கடினமாகத் தட்டுப்பட்டதை உள்ளங்கையில் துப்பினான்.

ஒரு கடைவாய்ப் பல். வேரில் சதை இன்னும் சிவப்பாக இருந்தது.

பதறிப்போய் நாக்கால் வாயைத் துழாவினான். அவன் பற்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

“என்னடா ஆச்சு?” என்றான் ஜெயமணி.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். தொண்டைக்குள்ளிருந்து இன்னொன்று மேலே ஏறி வந்தது.