கசப்புப் போகாத மாத்தே

மாலை நான்கு மணி. இரண்டு மணிக்குப் போட்ட மதியத் தூக்கம் கலைந்து முற்றத்துக்கு வந்தார் அனிபால் ஒலிவேரா. நிழலில் நிறுத்திவைத்திருந்த மேளத்தைக் காணவில்லை.

இரவு எட்டு மணிக்குக் கார்னிவல் ஊர்வலம். மோன்தேவிதேயோ நகரின் தெற்குப் பேட்டை முழுக்கத் தெருவில் நிற்கும். மேளம் இல்லையென்றால் முன்வரிசையில் அவர் இடத்துக்கு வேறொருவன் வந்துவிடுவான். அறுபத்தைந்து வயதில் விட்ட இடம் திரும்பக் கிடைக்காது.

அவர் போட்ட கூச்சலில் நாலு வீடு தள்ளியிருந்த சுல்மா பெத்தாங்கூர் ஓடிவந்தாள். போலீஸ் இன்ஸ்பெக்டர். அன்று விடுமுறை என்பதால் துப்பாக்கி இல்லை. அக்குளில் வெந்நீர் ப்ளாஸ்க்கும், கையில் கசப்பு இலைத்தூளில் வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சும் மாத்தே குடுவையும் இருந்தன. எங்கள் ஊரில் செருப்பை மறந்து வருவோம், அவற்றை மறக்க மாட்டோம்.

"வாசல் கதவு?"

"பூட்டியிருந்துச்சு. சாவி என் பாக்கெட்ல."

"உள்ள யார் யார்?"

"என் பொண்டாட்டி எடெல்மா. அப்புறம் பக்கத்து ரூம் லாலோ. அவனேதான் சுல்மா! எதிர் மேளக் கூட்டத்துல அடிக்கிறவன். என் மேளத்து மேல எப்பவும் ஒரு கண்ணு!"

"யோவ் பெருசு!" லாலோ கதவருகிலிருந்து கத்தினான். "உன் ஓட்டை மேளம் எனக்கெதுக்கு? என் மேளம் போதாதா?"

கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். கூரைமேல் பார்த்தார்கள். குளியலறையிலும் இல்லை. கதவு பூட்டியபடியே இருக்க, இடுப்புயர மேளம் எங்கே போகும்?

ஐந்து மணி. சுல்மா நெற்றியைத் துடைத்தாள். "சரி. ஆளுக்கொரு மாத்தே குடுங்க."

முதலில் லாலோ அறை.

"ரெண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் என்ன பண்ணின?"

"ரேடியோ கேட்டுக்கிட்டு மாத்தே குடிச்சேன் மேடம்."

குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினான். நுரையே இல்லை, குச்சிகள் மேலே மிதந்தன. சுல்மா குழலில் உறிஞ்சி முகத்தைச் சுளித்தாள்.

"தூ! பாத்திரம் கழுவின தண்ணியாட்டம் இருக்கு."

"ரெண்டு மணி நேரமா ஒரே இலை. வேற எப்படி இருக்கும்?"

அடுத்து எடெல்மாவின் சமையலறை. ஜன்னலோரம் ஒரு சின்ன வட்ட மேசை, தரைவரை தொங்கும் பூப்போட்ட விரிப்பு. சுல்மா தன் ப்ளாஸ்க்கை அதன்மேல் வைத்தாள். தும் என்று அடங்கின சத்தம் ஒன்று வந்தது. எடெல்மாவுக்கு உடனே இருமல் வந்தது.

"நீங்க என்னக்கா பண்ணினீங்க?"

"இங்கேயே உக்காந்து மாத்தே குடிச்சேன். ஒரே இலைதான், ஒரு ப்ளாஸ்க் தண்ணியும் தீர்ந்துபோச்சு. பாரு." காலி ப்ளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினாள்.

சுல்மா தன் வெந்நீரை எடெல்மாவின் குடுவையில் ஊற்றினாள். பச்சை நுரை பொங்கியது. ஒரு ஓரத்தில் இலைத்தூள் இன்னும் காய்ந்தே குவிந்திருந்தது. உறிஞ்சினாள். நாக்கே சுருண்டுவிடும் போன்ற கசப்பு!

அவள் முகம் மலர்ந்தது. எல்லோரையும் கூப்பிட்டாள்.

"மேளத்தை எடுத்தது எடெல்மா அக்கா."

"என் பொண்டாட்டியா!" அனிபால் வாயைப் பிளந்தார்.

"ஒரு ப்ளாஸ்க் தண்ணி உள்ள போயிருந்தா இலை லாலோ வீட்டு இலை மாதிரி கசப்பெல்லாம் போய்ச் செத்துப்போயிருக்கும். அக்கா தண்ணியைத் தொட்டியில கொட்டிட்டாங்க. ரெண்டு மணி நேரமா உக்காந்திருந்ததா காட்டணுமே! கசப்பைக் கொட்ட முடியல. உக்காராதவங்க என்ன பண்ணினாங்க? மேளத்தை உருட்டிக்கிட்டு வந்தாங்க. நான் ப்ளாஸ்க்கை வெச்சப்ப தும்முன்னு சத்தம் போட்டது மேசை இல்ல."

விரிப்பை இழுத்தாள். மேசைக்காலே இல்லை; மாவு பிசையும் பலகைக்கு அடியில் நின்றது மேளம்.

எடெல்மா அழுதுவிட்டாள். "இவருக்கு நெஞ்சு படபடங்குது, கை நடுங்குது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. இதயம் வீக்காயிடுச்சுன்னு டாக்டர் சொன்னதா இவரே சொன்னார். மேளத்தைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போய்த் தெருவுல விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அனிபால் அவளைப் பார்க்காமல் அடுப்பிலிருந்த கெட்டிலைப் பார்த்தார். சுல்மா அதைக் கவனித்தாள்.

"அண்ணே, டாக்டர் நிஜமா என்ன சொன்னார்?"

"அது... ஈசிஜி சுத்தமா இருக்கு, மேளம் அடி, உடம்புக்கு நல்லதுன்னார்."

"அப்புறம்?"

"படபடப்புக்கும் தூக்கம் வராததுக்கும் மாத்தேதான் காரணமாம். பகல்ல அளவா குடிச்சா சுறுசுறுப்பா இருக்கலாம், சாயங்காலத்துக்கு மேல தொடாதேன்னார். கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா தொண்டையில புத்துநோய்கூட வரலாமாம்."

"அதை ஏன்யா எங்கிட்ட சொல்லல?" எடெல்மா சீறினாள்.

"ராத்திரி மாத்தேயைப் பிடுங்கிடுவியேன்னுதான்..."

"அதுக்காக இதயம் போச்சுன்னு சொல்வியா? மூணு வாரமா உன் மூச்சு வருதா வருதான்னு முழிச்சுக் கிடந்தேனே, பாவி மனுஷா! சொல்லு, மேளம் வேணுமா, ராத்திரி மாத்தே வேணுமா?"

மேளத்துக்காக ஊரைக் கூட்டிய மனிதர் மேளத்தையும் கெட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யோசிக்கிறான் பாருங்க!" லாலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எட்டு மணிக்கு முன்வரிசையில் அனிபால் நின்றார். ஓரமாக எடெல்மா ப்ளாஸ்க்குடன் நடந்தாள். முதல் முக்கில் கூட்டம் நின்றபோது ஆறவைத்த வெந்நீரில் ஒரு மாத்தே ஊற்றினாள். அவர் ஆசையாகக் கை நீட்டினார்.

"உனக்கு நாளைக்குக் காலையில," என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே தானே கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தாள்.

அனிபால் வாய்விட்டுச் சிரித்து மேளத்தில் ஓங்கி ஒரு அடி போட்டார். மூன்று வாரமாகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள் நடுத்தெருவில் இறங்கி ஆட ஆரம்பித்தாள்.