கருவாட்டுக் கள்ளனைத் தேடி

ஒரே ஒரு வசனம். அதை அப்படியே விழுங்கியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்?

பனிச் சறுக்குக் கட்டைகளில் சப்பாத்தை மாட்டும்போதும் சாம்பவி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். 'வாசுகி அன்ரி கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்தில நிண்டதைக் கண்டனான்.' பெப்ரவரி மாதம், சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, அவ்வளவுதான் சொன்னாள். பொய்யில்லை. அன்ரி நின்றது உண்மை. ஆனால் குளிர்காலம் முழுவதும் கருவாடு களவு போய்க்கொண்டிருந்த வீட்டில் அந்த உண்மை எங்கே போய் முட்டும் என்று அவள் யோசிக்கவில்லை. மறுநாள் மீன் தொழிற்சாலையில், முப்பது பேர் வரிசையாக நின்று மீன் வெட்டும் மேசையில், எல்லோருக்கும் கேட்கும்படி அம்மா கேட்டுவிட்டாள்.

"என்ன வாசுகி, என்ர கருவாடு நல்ல ருசியோ?"

இருபத்திரண்டு வருடச் சிநேகிதம் அன்றோடு நின்றது. நோர்வேயின் வடகோடியில், வருடத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாத அந்த மீன்பிடி ஊருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே கிழமையில் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். முதல் குளிர்காலத்தை ஒரே கோட்டை மாறி மாறிப் போட்டுக் கழித்தவர்கள். அம்மாவுக்கு இரவு வேலை என்றால் சாம்பவி தூங்கியது அன்ரியின் கட்டிலில்தான். இப்போது அன்ரி சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சித்திரைப் புதுவருடம் முடிந்ததும் ஒஸ்லோவில் இருக்கும் மகனிடம் போய்விடுவாள். விமானச் சீட்டும் எடுத்தாயிற்று.

புதுவருடத்துக்கு இன்னும் ஒரே ஒரு நாள்!

"சாம்பவி! கெதி, கெதி!" என்று மாரெட் கத்தினாள். அவள் அந்த வடக்கின் பழங்குடியான சாமி இனத்துப் பெண், சாம்பவியின் வயதுதான். தொழிற்சாலையில் மீன் நிறுக்கும் வேலை செய்து பழகிய தமிழ்ச் சொற்கள் அவளிடம் நாலைந்து உண்டு. மற்றதெல்லாம் நோர்வேஜிய மொழிதான். அவளுடைய குடும்பத்தின் பனிக் கலைமான்கள் ஊருக்குப் பின்னாலிருக்கும் மேட்டுவெளியில் மேய்ந்தன. போன கிழமை மான்களைப் பார்க்கப் போனவள், பனியில் கிடந்த ஒரு துணித் துண்டை எடுத்து வந்து சாம்பவியின் உள்ளங்கையில் வைத்தாள்.

நீல நூல் சீலைக் கீலம். நுனியில் அம்மாவின் இரட்டை முடிச்சு.

நைலோன் கயிறு மீனை வெட்டிவிடும் என்று அம்மா தன் பழைய சீலையைக் கிழித்துத்தான் கருவாட்டைக் கட்டித் தொங்கவிடுவாள். அந்த முடிச்சு இருபது கிலோமீற்றர் தள்ளி, மனிதரே இல்லாத வெளிக்கு எப்படிப் போனது?

"நரி" என்றாள் மாரெட். "ஆனால் எந்த நரி என்பதுதான் கேள்வி. பனி நரியை இந்தப் பக்கம் முப்பது வருடமாக யாரும் காணவில்லை."

ஒரு கீலம் போதாது. காற்றில் பறந்ததென்று அம்மா சொல்லிவிடுவாள். கள்ளனின் களஞ்சியத்தையே கண்டுபிடிக்க வேண்டும்!

"நான் ரெடி!" என்று வந்து நின்றான் டிலக்சன். சாம்பவியின் மாமா மகன். யூடியூபில் அவனுக்கு ஒரு சானல், அதற்கு நூற்றுப் பதினாறு பேர் ரசிகர்கள். அவன் நடக்கவில்லை, உருண்டு வந்தான்.

"எத்தினை உடுப்படா போட்டிருக்கிறாய்?"

"மாமி விடேல்ல. மூண்டு பெனியன், ரெண்டு சுவெட்டர், அதுக்கு மேல அப்பான்ர கோட்டு. மச்சாள், நான் இப்ப நடமாடுற அலுமாரி."

"பெனியன் எல்லாம் பருத்தி. வேர்த்து நனைஞ்சால் கரைச்சலடா."

"இந்தக் குளிரில வேர்க்கிறதோ? விசர்க்கதை!"

மூவரும் மேட்டில் ஏறினார்கள். வெயில் பளிச்சென்று அடித்தது. பனி கண்ணைக் கூசவைத்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே டிலக்சனின் கழுத்திலிருந்து ஆவி பறந்தது. கோட்டின் வெளிப்பையில் வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தான். குளிரில் விறைத்துச் செத்துப்போயிருந்தது.

"ஐயோ, படம் எடுக்க ஏலாதே!"

"போனையும் உடம்போட ஒட்டி வைக்கவேணும். அதுக்குத்தானே என்ர அம்மா உனக்குப் பெனியன் போட்டுவிட்டவா!" என்று சாம்பவி சிரித்தாள்.

மதியத்துக்குப் பிறகு மாரெட் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். பனியில் ஒரு வரிசைத் தடங்கள்!

"செந்நரியின் தடத்தில் விரல்மெத்தை தெளிவாகத் தெரியும். இதைப் பார்."

சாம்பவி முழந்தாளிட்டுப் பார்த்தாள். பஞ்சைத் தொட்டு ஒற்றியது போல ஓரமெல்லாம் மங்கிய சிறு தடங்கள். இந்த வெளியில் உள்ளங்காலிலும் மயிர் முளைத்த ஒரே நரி, பனி நரி! கள்ளன் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

தடத்தைப் பிடித்துப் போனார்கள். திடீரென்று டிலக்சனின் காலடியில் பனி வெடித்தது. புர்ர்ர்! வெள்ளை இறகுகள் முகத்தில் அடிக்க, அவன் மல்லாந்து விழுந்தான்.

"அம்மா! குண்டு!"

"பனிக்கோழி. நீ அதன் படுக்கையறைக்குள் மிதித்துவிட்டாய்" என்றாள் மாரெட்.

பறவை எழுந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. சாம்பவி கையுறையைக் கழற்றி உள்ளே விட்டுப் பார்த்தாள். உள்ளே காற்றில்லை. வெளியே இருந்த குளிரின் கடிப்பு அங்கே இல்லை. இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு பறவை, பெரிய குளிருக்குள் தனக்கு மட்டும் போதுமான சின்ன அறை ஒன்றைக் குடைந்து வைத்திருந்தது. ஏனோ அந்தக் குழியை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

நாலு மணியளவில் வானமும் தரையும் ஒன்றாகின. காற்று ஊளையிட்டது. பனி பக்கவாட்டில் பறந்தது. தன் கையே தெரியாத வெண்மை!

"நாம் இரவு தங்க இருந்த கொட்டிலுக்கு இன்னும் நாலு கிலோமீற்றர்" என்று மாரெட் காதருகே கத்தினாள். "இப்போது அதைக் கண்டுபிடிக்க முடியாது!"

முன்னால் சில வெள்ளை மேடுகள் கிடந்தன. கிட்டப் போனபோது ஒரு மேடு கண் திறந்தது. கலைமான்கள்! காற்றுக்கு முதுகைக் கொடுத்து, நாலு விரல் தடிப்புப் பனியைச் சுமந்துகொண்டு அசைபோட்டன.

"முதுகுப் பனி ஏன் உருகவில்லை?" என்று சாம்பவி கேட்டாள்.

"உள்ளே இருக்கும் சூடு வெளியே வருவதில்லை. அதன் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே வெறும் குழல், காற்றை அடைத்து வைத்திருக்கும்."

டிலக்சன் பகிடி விட்டு நெடுநேரமாகியிருந்தது. அதுதான் சாம்பவியை முதலில் பயமுறுத்தியது. திரும்பிப் பார்த்தாள். அவன் பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்... கொஞ்சம் இருக்கிறன். நீங்கள் போங்கோ."

"எழும்படா!"

"குளிரேல்ல மச்சாள். நித்திரைதான் வருது."

கோட்டுக்குள் கையை விட்டாள். மூன்று பெனியனும் வேர்வையில் நனைந்து, பனிக்கட்டியாக விறைக்கத் தொடங்கியிருந்தன. இன்னொரு வசனம் அவளுக்குள் எழுந்தது. நான்தான் இவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பிழையைத் திருத்த வந்த இடத்தில் இன்னொரு பிழை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இப்போது அழக்கூடாது. அந்தப் பறவை அழவில்லை. குடைந்தது!

"மாரெட்! பனிக்கோழி!"

மாரெட்டுக்கு உடனே விளங்கியது. பாறையோரம் காற்றுக் குவித்த பனிமேட்டில் மண்வெட்டியைப் பாய்ச்சினாள். சாம்பவி சமையல் சட்டியால் அள்ளினாள். வெட்டு, அள்ளு, தள்ளு! அரை மணி நேரத்தில் மூவர் நெருங்கிப் படுக்க ஒரு பொந்து தயார். டிலக்சனை உள்ளே இழுத்தார்கள். நனைந்த உடுப்பெல்லாம் கழற்றினார்கள்.

"ஐயோ, பொம்பிளைப் பிள்ளையளுக்கு முன்னால..." என்று முனகினான்.

"பகிடி வருது! தப்பிட்டான்!" என்றாள் சாம்பவி.

தன் மாற்றுக் கம்பளி உடுப்பை அவனுக்குப் போட்டுவிட்டாள். அவனை நடுவில் வைத்து, தூங்கு பைகளை ஒன்றாக இணைத்து, நரி வாலைச் சுற்றிக்கொள்வது போல மூவரும் சுருண்டார்கள். காற்றுக்கு ஒரு சின்ன வழி மட்டும் விட்டார்கள். அம்மா கட்டிக்கொடுத்த பயத்தம் பணியாரம் கல்லாகியிருந்தது. அதைக் கக்கத்தில் வைத்து இளக்கித் தின்றார்கள்.

வெளியே புயல் தலையில் அடித்துக்கொண்டது. உள்ளே மூன்று மூச்சுகள். இங்கே வாழும் எதுவும் குளிரோடு சண்டை போடவில்லை என்று சாம்பவிக்குத் தோன்றியது. எல்லாம் தன்னிடமிருக்கும் கொஞ்சச் சூட்டைச் சிந்தாமல் பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அம்மாவும் அன்ரியும் ஒரு கோட்டோடு அப்படித்தானே இருந்தார்கள். நான் அதில் ஒரு ஓட்டை போட்டுவிட்டேன். ஒரு சிறிய ஓட்டை. ஆனால் இந்தக் குளிருக்குச் சிறிய ஓட்டையே போதும்.

விடியும்போது காற்று அடங்கியிருந்தது. மாரெட் டிலக்சனின் பாதங்களைத் தன் வயிற்றில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"மானின் கால் எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும், அது கவலைப்படாது. உன் கால்தான் சூடு சூடு என்று அழுகிறது."

"நான் மான் இல்லை. எருமை. மாமி அப்பிடித்தான் சொல்லுறவா" என்றான் அவன்.

சாம்பவி தனியாக வெளியே வந்தாள். முந்நூறு அடி தள்ளி, காற்றுச் சுரண்டிய ஒரு சரிவில் நீலமாக ஏதோ துடித்தது. ஓடினாள். ஒரு கீலம், இரண்டு, ஐந்து! ஒன்றில் மீன் வால் இன்னும் கட்டியபடியே இருந்தது. அம்மாவின் இரட்டை முடிச்சை எந்தக் கள்ளனாலும் அவிழ்க்க முடியவில்லை. மூன்று கீலங்களை எடுத்துச் சட்டைக்குள் வைத்தாள். மீன் வாலைத் தொடவில்லை.

பிறகு, மெதுவாக, சரிவின் விளிம்பால் எட்டிப் பார்த்தாள்.

கீழே ஒரு மண்மேடு. அதன் மேல் ஒரு வெள்ளைப் பந்து. பந்துக்கு இரண்டு குட்டிக் காதுகள், மூக்கை மூடிய பஞ்சு வால். இரவு முழுவதும் அந்தப் புயலில் வெளியே படுத்திருந்திருக்கிறது! ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. நடுங்கவில்லை. மேட்டின் துளையிலிருந்து இன்னொன்று வெளியே வந்தது. அதன் வயிறு பக்கவாட்டில் அகன்று கனத்திருந்தது.

குட்டிகளுக்காக! குளிர்காலம் முழுக்க அந்தக் கருவாடு இதற்காகவா!

"இஞ்ச வாங்கோ!" என்று கத்தப் போனவளின் கை எழுந்தது. விரல் மேட்டை நோக்கி நீண்டது. தன் விரலைத் தானே கண்டாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்து அன்றைக்கு யன்னலை நோக்கி நீட்டியதும் இதே விரல்தான். கையை இறக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பொந்துக்குத் திரும்பியபோது மாரெட் அவள் முகத்தைப் பார்த்தாள். "கண்டாயா?"

"ஓம்."

மாரெட் தலையாட்டிவிட்டுத் தூங்கு பைகளைச் சுருட்டத் தொடங்கினாள். டிலக்சன்தான் துள்ளினான். "எங்க? எங்க?"

"முதல்ல சப்பாத்தைப் போடு. வீட்டை போகவேணும்."

*

புதுவருட மதியம் சமூக மண்டபத்தில் எண்பது தமிழர்கள் கூடியிருந்தார்கள். வடைச் சட்டிக்கு முன்னால் நின்ற அம்மா, பனி ஒட்டிய சப்பாத்தோடு நுழைந்த மகளைக் கண்டு வாய் திறப்பதற்குள், மூன்று நீலக் கீலங்கள் மேசையில் விழுந்தன.

"உங்கட கள்ளன் மேட்டுவெளியில இருக்கிறான் அம்மா. வெள்ளை நரி. அதின்ர சோடி வயிற்றில குட்டியோட இருக்கு."

அம்மா முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு அகப்பையைப் போட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடேயே பனிக்குள் இறங்கி நடந்தாள்.

கால் மணி நேரத்தில் வாசுகி அன்ரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இருவருக்கும் மூக்குச் சிவந்திருந்தது.

"நரியெண்டு எனக்குத் தெரியாதடி!" என்றாள் அம்மா.

"தெரியாமலே என்னைக் கேட்டனீ, தவமலர்? முப்பது பேருக்கு முன்னால!"

"அடி. உந்த அகப்பையால அடி."

"அடிச்சால் வடை ஆர் சுடுறது?"

சாம்பவி முன்னால் போய் நின்றாள். "அன்ரி, நான்தான் அம்மாவுக்குச் சொன்னனான், நீங்கள் நிண்டதெண்டு."

"தெரியும்" என்றாள் அன்ரி. "உன்னைத் தவிர ஆர் அந்த யன்னலால பாத்துக்கொண்டிருக்கிறது? விழுந்து கிடந்த மீனைத் தூக்கிக் கட்டினன் பிள்ளை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்." கையை நீட்டி அவளுடைய குளிர்ந்த காதை மூடினாள். சின்ன வயதில் மூடுவது போலவே.

"ஒஸ்லோ ரிக்கற்றை என்னடி செய்யப்போறாய்?" என்றாள் அம்மா.

"மகனை இஞ்ச வரச்சொல்லுறன். அவனும் கொஞ்சம் குளிரட்டும்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அதன்பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பனி ஸ்கூட்டர் எடுப்பமே! பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போவம்! நரிக்கு ஒரு பெட்டி கருவாடு கொண்டுபோய் வைப்பம், பாவம், வாயும் வயிறுமா இருக்காம்! டிலக்சன் புதிதாகச் சார்ஜ் போட்ட போனைத் தூக்கிப் பிடித்தான். "மச்சாள், அந்த இடத்தை மப்பில ஒரே ஒரு புள்ளியாக் காட்டுங்கோ!"

அத்தனை முகங்களிலும் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் சாம்பவிக்குக் கஷ்டமாக இருந்தது. பத்து ஸ்கூட்டர் சத்தம் போய் முட்டினால் அந்த நரிகள் மேட்டை விட்டே ஓடிவிடும்.

வாசுகி அன்ரி மண்டபச் சுவரில் தொங்கிய மேட்டுவெளி வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்தாள். தன் பேனையைத் திறந்து சாம்பவியின் விரல்களுக்குள் வைத்தாள். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"எனக்கு மட்டும் காட்டு பிள்ளை. என்ர பேரைக் காப்பாத்தினது அது. ஒருக்கால் தூர நிண்டு கும்பிட்டிட்டு வாறன்."

சாம்பவி வரைபடத்தைப் பார்த்தாள். அந்தச் சரிவு எங்கே என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அன்ரிக்குக் கடன்பட்ட ஒரு சொல்லை இப்படித் திருப்பிக் கொடுத்துவிடலாம். எவ்வளவு இலகு!

பேனையை மூடினாள். அன்ரியின் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"இல்லை அன்ரி" என்றாள் மெதுவாக. வரைபடத்தை நாலாக மடித்துவிட்டு, அதே இடத்தில் அன்ரிக்கு வடைத் தட்டை வைத்தாள்.