நேராக நின்ற கோடு

"வெளியில பூட்டு! என் தம்பி என்ன திருடனா...?"

நாத்தனாரின் குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. கணவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தவள் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் திறந்தாள். நேற்று வெந்நீர் கொட்டிச் சிவந்திருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரந்தான்க்கா... திறந்து வச்சா ரோட்டுக்குப் போயிடறாரு. போன வாரம் நடு ரோட்டுல நின்னு, 'என் பஸ் எங்க?'ன்னு..."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், பஸ்ஸைக் கேக்காம கப்பலையா கேப்பான்? வாய் கூசாம அவனைப் பைத்தியமாக்கறியே! இன்னைக்கு அவனை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் யாரையும் பூட்டி வைக்க மாட்டேன்!"

நாத்தனார் வீட்டு வாசலில் இறங்கினால் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. ஒரு நாள் போதும்...

பின்னாலேயே வந்த கொழுந்தன் மடிக்கணினியை மேஜைமேல் வைத்தான். மூளை ஸ்கேன்கள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று கணக்குப் போடுவதுதான் அவன் வேலை. மூன்று வருட இடைவெளியில் எடுத்த அண்ணனின் இரண்டு ஸ்கேன்களையும் அவனே வாங்கிப் பார்த்திருந்தான்.

"அண்ணி, கோபப்படாதீங்க. மறதி நோய்னா மூளை சுருங்கணும். அண்ணனோட மூளை அளவு மூணு வருஷமா அப்படியே இருக்கு. திரையில இந்தக் கோடு இறங்காம நேரா போகுது பாருங்க. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல."

"அப்போ நான் பொய் சொல்றேனா தம்பி...?"

ஆசை ஆசையாய் நடத்திய தையல் கடையை மூடினாள், தூக்கத்தை விட்டாள், கிடைத்த பட்டம் 'பொய்க்காரி'! நாத்தனார் அலமாரியிலிருந்து தம்பியின் சட்டைகளை இழுத்துப் பையில் திணித்தாள்.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி... உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இன்னொரு தடவை பாருங்க. அவர் வயசுல மத்தவங்களுக்கு எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கறவங்களுக்கே வருஷா வருஷம் கொஞ்சம் குறையும் அண்ணி. அது எல்லாருக்கும்..."

பாதியில் நின்றது பேச்சு.

எல்லாருக்கும் குறையும் என்றால், அண்ணனுக்கு மட்டும் எப்படி இம்மியும் குறையவில்லை? அலுவலகத்தில் இப்படி ஒரு கோடு வந்தால் அவன் முதலில் சந்தேகப்படுவது ஸ்கேன் இயந்திரத்தைத்தான். முகம் தெரியாதவர்களுக்கு ஒருநாளும் விடாத சோதனை அது. அண்ணனுக்கோ, நேர்கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் கணினியை மூடிவிட்டிருந்தான்!

ஸ்கேன் விவரங்களைத் திறந்தான். முதலாவது பழைய இயந்திரத்தில் எடுத்தது. இரண்டாவது, புதிதாக வந்ததில். புதியது எல்லா மூளையையும் சற்றுப் பெரிதாகக் காட்டும். இரண்டு இயந்திரங்களிலும் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஆரோக்கியமானவர்களின் கணக்கு அவனிடமே இருந்தது. அந்த வித்தியாசத்தைக் கழித்தான்.

கோடு சரிந்தது... செங்குத்தாய்.

"என்னடா? பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" நாத்தனார் பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா... அண்ணி சொன்னதுதான் நிஜம். நான்தான் தப்பு பண்ணிட்டேன். அண்ணனோட மூளை ரொம்ப வேகமா சுருங்கிட்டு வருது..." மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பினான்.

இத்தனை நாள் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஏங்கினாள். இப்போது அது நெஞ்சில் கல்லாய் விழுந்தது.

"ஐயோ தம்பி...! நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போயிருக்கலாமே! அவர் நல்லா இருந்திருப்பாரே...!"

சரிந்து விழப்போனவளை நாத்தனார் பாய்ந்து தாங்கினாள். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள்.

"இது என்னடி... அவனா?"

"வேணும்னு செய்யலக்கா. அவருக்குத் தெரியல..."

"பாவி நான்... உன்னைப் பாத்து என்ன வார்த்தை சொல்லிட்டேன்!" அவளை மார்போடு அணைத்துக்கொண்டு நாத்தனார் வாய்விட்டு அழுதாள். "அவனைப் பூட்டிட்டு நீ எங்கேயும் ஓட வேண்டாம். இனிமே நான் இங்கதான் இருப்பேன்."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. பெற்றோர் இல்லாத வீட்டில் கொழுந்தனைத் தோளில் போட்டு வளர்த்த அண்ணனின் குரல்.

"குட்டி! டேய் குட்டி! பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு... இன்னும் கிளம்பலையா?"

காதோரம் நரைத்த கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"கிளம்பிட்டேண்ணா... நீ வந்து தலை வாரி விடு."