நீலமாகப் புகைந்த வண்டி

காலை ஏழு மணி. பாப்பிரெட்டிப்பட்டியில் பச்சியப்பன் வீட்டு வாசலில் நின்ற பழைய வெள்ளைக் கார் உறுமியது. அடுத்த நிமிடம் பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பித் தெருவை மூடியது.

அதை அவரிடம் விலைக்கு வாங்க வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த பானுமதி, கண்ணாடியில் புகையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை இதே காரை மொரப்பூர்வரை ஓட்டிப் பார்த்தாள். ஒரு பொட்டுப் புகை இல்லை. இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போடுகிறவள் அவள். மொபெட்டில் இரண்டு வாளிக்கு மேல் கட்ட முடியாது. போன மாதம் வளைவில் சாய்ந்து மாவும் முழங்கால் தோலும் ரோட்டோடு போயின. கார் வந்தால் அரூர்வரை கடை பிடிக்கலாம். வராவிட்டால் மறுபடி செங்கல் சூளை வேலைதான்.

முந்தாநாளே சொல்லிவைத்து அவள் கூட்டி வந்திருந்த மெக்கானிக் மாரப்பன், என்ஜினை நிறுத்தச் சொன்னான். காரின் முன்னால் போய், கிரில்லுக்குள் விரலை விட்டுக் கம்பியை இழுத்துப் பானெட்டைத் தூக்கினான். உள்ளே பார்த்து உச்சுக்கொட்டினான்.

"என்ஜினுக்குள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிடுச்சும்மா. ஆயிலக் குடிக்குது. என்ஜினப் பிரிச்சா நாப்பதாயிரம் முழுங்கும். யாரும் சீண்ட மாட்டாங்க. பச்சியப்பண்ணா, இரும்பு வெலைக்குன்னா நானே எடுத்துக்கறேன்."

பச்சியப்பன் ரிட்டயரான லைன்மேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டுவதை விட்டவர். "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!" என்று முனகினார்.

துணைக்கு வந்திருந்த பானுமதியின் சித்தி மகள் சுசித்ரா காரின் முன்னால் வந்தாள். தர்மபுரியில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து வண்டிகளை மதிப்பிடும் வேலை அவளுக்கு.

"மாரப்பண்ணா, இந்த வண்டிய முன்ன பாத்திருக்கீங்களா?"

"இல்ல தாயி, இன்னிக்குத்தான்."

"தொட்டதே இல்ல?"

"எழுதிக் குடுக்கட்டுமா?"

அவள் பச்சியப்பன் பக்கம் திரும்பினாள். "ராத்திரி வண்டி எங்க நிக்குங்க?"

"இங்கதான், ரோட்டோரம். சாவி வூட்டுக்குள்ள, எந் தலமாட்டுல."

"கடைசியா ஆயில் ஊத்துனது?"

"ஆடியில சர்வீஸ் பண்ணதோட சரி. சேலத்துல எம் மருமவன் பட்டறையில. வேற யாரும் கை வெச்சதில்ல."

சுசித்ரா ஆயில் அளவுக் குச்சியை உருவித் துடைத்தாள், மறுபடி விட்டு எடுத்தாள். பிறகு காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த பானெட் லீவரை இழுத்தாள். அது தொளதொளவென்று கையோடு வந்தது.

"அது அறுந்து ரெண்டு வருசம் ஆச்சும்மா. மருமவந்தான் முன்னால ஒரு கம்பி கட்டிவுட்டான். அது எங்க ரெண்டு பேருக்குத்தான்..." பச்சியப்பன் பாதியில் நிறுத்தி மாரப்பனைப் பார்த்தார்.

"அதேதான்," என்றாள் சுசித்ரா. "ஆயில் குடிக்கிற என்ஜின்ல ஆயில் கொறையணும். இதுல குச்சியோட மேல்கோட்டத் தாண்டி ரெண்டு வெரல் ஏறி நிக்குது. அளவுக்கு மேல ஊத்துனா என்ஜினோட மூச்சுக் குழாய் வழியா போயி எரியும், நீலமாப் பொகையும். ரிங்கு மேல பழியப் போட்டுடலாம். ஊத்துனது யாரு? மொத தடவ பாக்கறவரு உள்ள லீவரத்தான் இழுப்பாரு. நீங்க அந்தப் பக்கமே போவல. ராத்திரி பூட்டுன வண்டியில தடவித் தேடுன வெரலு காலையில நேரா கம்பிக்குப் போயிடுச்சு."

மாரப்பன் பானெட்டிலிருந்து கையை எடுத்தான். "எம் பையன் சும்மா சுத்தறான்... டாக்சி ஓட்டட்டுமேன்னு..."

"அதுக்கு எம் பொழப்புல மண்ணப் போடுவியா?" பானுமதி சீறினாள். "உம் பையனுக்கு வண்டி, எனக்குச் சூளையா?"

"ஸ்டேஷனுக்குப் போலாமா, ஆயில எறக்கறீங்களா?" என்றாள் சுசித்ரா.

மாரப்பன் ஸ்பேனரோடு காருக்கடியில் படுத்தான். அதிகப்படி ஆயிலை வடித்தான், மூச்சுக் குழாயைக் கழற்றித் துடைத்தான்.

"அக்கா, இது புது வண்டி இல்ல, சொல்லிட்டேன்," என்றாள் சுசித்ரா. "கிளட்ச் ஒரு வருசம் தாங்கும். முன் டயர் ரெண்டும் வழுக்க. கதவுக்கடியில துரு. ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். என்ஜின் கெட்டி."

பானுமதி சாவியைத் திருகினாள். முதலில் நீலம் கொஞ்சம் கக்கியது. பிறகு வெளிறியது. பிறகு ஒன்றுமில்லை, எதிர்வீட்டுச் சுவர் பளிச்சென்று தெரிந்தது.

அவள் ஜன்னலுக்கு வெளியே பச்சியப்பன் பக்கம் தலையை நீட்டினாள்.

"மாமா, பின்சீட்டு மடங்குமா, கழட்டணுமா? நாளைக்கு விடியக்காலம் மாவு ஏத்தணும்."