எழுபத்து நான்கில் நின்ற எண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அரியலூர்ச் சுண்ணாம்புக் குழியில் பதினான்கு பேர் தங்கள் வண்டிகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் அப்படி உட்கார்ந்தாக வேண்டும். உடல் எடை எந்தப் பக்கம் இறங்குகிறது, தொடைகள் எவ்வளவு இறுக்குகின்றன, மணிக்கட்டு எப்படி நடுங்குகிறது என்பதையெல்லாம் வண்டி அந்த ஒரு நிமிடத்தில் படித்துக்கொள்ளும். பிறகு திரையில் பெயர் வரும். பெயர் வந்தால்தான் மோட்டாருக்கு உயிர் வரும்.

சிமென்ட்டுக்காகப் பல காலம் தோண்டிக் கைவிட்ட பள்ளம் அது. அதன் அடியில் மூன்று கிலோமீட்டருக்குத் தார் போட்டுப் பந்தயப் பாதை ஆக்கியிருந்தார்கள். தொழில்முறைப் பந்தயங்களில் வண்டிமேல் மனிதர்கள் ஏறுவது நின்று இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆசைக்கு ஓட்டுகிறவர்கள்தான் மிச்சம். அவர்களில் ஒரு வாத்தியார் இருந்தார், மின்வாரியப் பொறியாளர் ஒருவர் இருந்தார். பல் ஆய்வகத்தில் செயற்கைப் பற்கள் வார்க்கும் இளவேனிலுக்கு முப்பத்தொன்பது வயது. பதினோரு வருடமாக இங்கே ஓட்டுகிறாள்.

மற்றவர்களின் திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. இளவேனிலின் திரையில் இரண்டு வந்தன.

பூங்கோதை 100. இளவேனில் 0.

அவள் தலையைத் திருப்பி வண்டிக் கொட்டகையைப் பார்த்தாள். அங்கே சக்கர நாற்காலியில் அவளுடைய அக்கா பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். வெயில் இன்னும் குழிக்குள் இறங்கவில்லை. அக்கா கையை உயர்த்தி, போ என்று சைகை காட்டினாள்.

அது அக்காவின் வண்டி. நூற்றைம்பது கிலோ எடை. இளவேனில் அதுவரை ஓட்டியது தொண்ணூறு கிலோ வண்டி. சித்திரையில் அது கவிழ்ந்து சட்டகம் விரிசல் விட்டதும், இனி இது பாதையில் இறங்கக்கூடாது என்று பரிசோதகர் மன்சூர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதே சித்திரையின் கடைசி வாரத்தில் பூங்கோதைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் தண்டுவடத்தில் அழற்சி பரவி, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. பத்தில் ஏழு பேருக்குப் பலிக்கிற நரம்புச் சிகிச்சை அவளுக்குப் பலிக்கவில்லை. இன்னொரு முறை முயலலாம், ஆனால் எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவரின் அசைவைக் கற்றுக்கொள்ளும் அதன் உடலறிவில் பூங்கோதையின் பதின்மூன்று வருட ஓட்டம் பதிந்திருந்தது. அந்தப் பதிவை வேறெங்கும் நகல் எடுக்க முடியாது. ஒரு காலத்தில் மனிதர்களின் உடற்பதிவுகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலைக்கு வாங்கி, யாருக்கு எந்த நோய் வரும் என்று முன்கூட்டியே கணித்து வந்தன. அதனால் எழுந்த கலவரத்துக்குப் பின் வந்த சட்டம் கடுமையானது. உடற்பதிவு உடலின் ஓர் உறுப்பு. ஓர் இடத்தில்தான் இருக்கலாம். தொண்ணூறு நாள் ஓடாத வண்டியின் பதிவு தானாக அழிந்துவிடும். உரியவர் சம்மதித்தால் வேறொருவர் ஓட்டலாம். ஆனால் அவர் ஓட்ட ஓட்ட, உடலறிவு அவரைக் கற்றுக்கொண்டு பழையவரை மறக்கும்.

வண்டி நின்ற எண்பத்தொன்றாம் நாள் காலையில் பூங்கோதை தங்கையைக் கூப்பிட்டாள்.

"வேனிலு, வண்டிய நீ எடுத்துக்க."

"வேணாங்க்கா."

"நின்னாலும் அழியப் போகுது. ஓடியாவது அழியட்டும்."

விரல்ரேகை வைத்து ஒப்புக்கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் திருப்பத்திலேயே வண்டி இளவேனிலைப் பயமுறுத்தியது. அவள் வழக்கம்போல் சீக்கிரமே பிரேக்கைத் தொட்டாள். வண்டி கேட்கவில்லை. இன்னும் பத்து மீட்டர் இருக்கிறது என்று அடம் பிடிப்பதுபோல் முன்னால் இழுத்துக்கொண்டு போனது. சரளைக்குள் பாதி டயர் இறங்கி, எப்படியோ மேலே ஏறியது. இரண்டாவது திருப்பத்தில் இடுப்பைச் சாய்த்தாள், வண்டி விறைத்துக்கொண்டது. அக்கா இடுப்பால் திருப்புகிறவள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடம் பின்னாலேயே ஓட்டியும் அதை அவள் கவனித்ததில்லை.

ஆறு சுற்று முடித்துக் கொட்டகைக்கு வந்தபோது கைகள் மரத்துப்போயிருந்தன. பூங்கோதை நாற்காலியை உருட்டி வந்து திரையைப் பார்த்தாள்.

"ஏழு போயிடுச்சு" என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு எண்பத்து நான்கு. அதற்கடுத்து எழுபத்தாறு. திங்களும் செவ்வாயும் பூங்கோதை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் ஆய்வகத்திலிருந்து வந்த இளவேனில், வாசலில் நாற்காலியை வண்டியை ஒட்டி நிறுத்தி, அணைந்து கிடந்த திரையை அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். துடைக்க அதில் எதுவும் இல்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் பூங்கோதை கையை எடுத்துக்கொண்டாள்.

அன்றுதான் இளவேனில் முடிவெடுத்தாள். தான் ஓட்டும் விதம் வேறாக இருப்பதால்தானே வண்டி மாறுகிறது? அக்காவைப் போலவே ஓட்டினால் அது கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்கவும் இல்லை. வண்டியிடமே கற்றுக்கொண்டாள். தவறாகச் செய்தால் விறைக்கும், சரியாகச் செய்தால் இளகும். பிரேக்கைத் தள்ளிப் போட்டாள். இடுப்பை அசைக்காமல் இடது தோளை மட்டும் கீழே விட்டாள். ஏற்றத்துக்கு முன்னால் அக்கா ஒரு கணம் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி மறுபடி திருகுவாள் போல. அந்த இடம் வரும்போதெல்லாம் வண்டி எதையோ எதிர்பார்த்துத் தயங்கியது. மூன்றாவது வாரம் அந்தத் தயக்கத்தின் அளவு அவள் மணிக்கட்டுக்குப் பிடிபட்டபோது, அக்காவின் கைக்குள் தன் கையை நுழைத்ததுபோல் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதாள்.

எண் எழுபத்து நான்கில் நின்றது. அடுத்த வாரமும் எழுபத்து நான்கு. அதற்கடுத்த வாரமும்.

பூங்கோதை மறுபடி இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். தினமும் காலையில் போர்வையை விலக்கிக் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அசைந்ததுபோல இருந்தது என்று சிலநாள் சொன்னாள். மருத்துவமனைக்குப் போனார்கள். அசையவில்லை.

ஆனால் பூங்கோதை எழுபத்திரண்டு கிலோ, இளவேனில் ஐம்பத்தாறு. அந்தத் தோளுக்குப் பின்னால் அந்த எடை இல்லாததால் பின் டயர் ஒவ்வொரு திருப்பத்திலும் வழுக்கியது. நேரமும் சுற்றுக்கு நான்கு விநாடி கூடிப்போனது. ஐப்பசியில் குழிக் கோப்பைப் பந்தயம். அதற்குப் பத்து நாள் முன்னால் மன்சூர் அவளை நிறுத்தினார்.

"நீ பண்றது எனக்குத் தெரியும்மா. உங்க அக்கா ஓட்டினத நான் எத்தன வருஷம் பாத்திருக்கேன்."

"எண் குறையலண்ணே. அது போதும்."

"உனக்குப் போதும். டயருக்குப் போதாது. ஏத்தத்துல ஒருநாள் தூக்கி வீசிடும். இப்படியே பந்தயத்துக்கு வந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பேசிக்கொண்டிருந்தது பூங்கோதைக்குக் கேட்டுவிட்டது. நாற்காலி அருகில் வந்து நின்றபோது இளவேனில் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னொரு சுத்து ஓட்டு" என்றாள் பூங்கோதை. "அதே மாதிரி. நான் பாக்கணும்."

ஓட்டினாள். கொட்டகையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூங்கோதை முழுச் சுற்றையும் பார்த்தாள். வண்டி வந்து நின்றதும் சிரித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நான் இப்படியாடி தோளத் தொங்க விட்டுக்கிட்டுப் போவேன்? தண்ணிக்குடம் தூக்கப் போறவ மாதிரி?"

"ஆமாக்கா."

"பதிமூணு வருஷமா ஒருத்தரும் சொல்லலியே. நான் என்னமோ பருந்து மாதிரிப் போறதா நெனச்சிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்சூரைப் பார்த்தாள். "அண்ணே, என்னத் தூக்கி அதுமேல வைங்க."

"எதுக்கும்மா?"

"ஒரு நிமிஷம்."

இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். மன்சூர் வண்டியைத் தாங்கிக்கொள்ள, இளவேனில் அக்காவின் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து மிதியடியில் வைத்தாள். வைத்த கால் நழுவியது. மறுபடி வைத்துத் தன் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள். பூங்கோதை கைப்பிடிகளைப் பற்றிக் கண்களை மூடினாள்.

திரை விழித்தது. ஒரு நிமிடம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. பிறகு எழுத்துகள் வந்தன.

பதிவுடன் பொருந்தவில்லை. புதிய ஓட்டுநரா?

கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் மின்னிக்கொண்டிருந்தன. மன்சூர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பூங்கோதை அந்த வரியை இரண்டு மூன்று முறை படித்திருக்க வேண்டும். பிறகு 'இல்லை' என்பதைத் தொட்டாள்.

வேன் ஏறி வீட்டுக்குத் திரும்பினார்கள். கல்லங்குறிச்சி சாலை தாண்டியபின்தான் பூங்கோதை பேசினாள்.

"வேனிலு, எண்ணு எழுபத்து நாலுல நின்னதுலேர்ந்து நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? காத்துக்கிட்டிருந்தேன். காலு வந்துரும், வந்ததும் ஏறிக்கலாம், வண்டி என்னப் பாத்ததும் கண்டுபுடிச்சிக்கும்னு."

"சிகிச்ச இன்னொரு தடவ இருக்குக்கா."

"இருக்கட்டும். வந்தா வரட்டும். ஆனா அந்த வண்டிக்குள்ள ஒருத்தி உக்காந்துக்கிட்டு என்னக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. என்னால தாங்க முடியல. நீ உன் மாதிரி ஓட்டு."

"அப்புறம் நீ போயிடுவியே."

"போயிடுவேன்" என்றாள் பூங்கோதை.

மிச்சமிருந்த பத்து நாளும் இளவேனில் விடியலிலேயே குழிக்குப் போனாள். தன்னைப் போல் ஓட்டுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. இடுப்பு பழைய வேலையை மறந்திருந்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்தது, அவள் ஒரு பக்கம் இழுத்தாள். ஐந்தாம் நாள் ஏற்றத்தில் அது முதல்முறையாக அவள் சாய்வுக்கு இளகிக் கொடுத்தது. எண் ஐம்பத்திரண்டு. மகிழ்ச்சிதான் முதலில் வந்தது. பிறகு அந்த மகிழ்ச்சியை நினைத்து வெட்கம் வந்தது.

பந்தயத்தில் எட்டுச் சுற்று. நான்காவதில் வாத்தியாரை முந்தினாள். ஆறாவதில் அவர் அவளை முந்தினார். கடைசிச் சுற்றில் ஏற்றத்தின் உச்சியில், அக்கா தளர்த்தியிருக்கும் இடத்தில், அவள் தளர்த்தவில்லை. முன் டயர் தரையைவிட்டு எழும்பி, நேராக இறங்கியது. மூன்றாவதாக வந்தாள். பதினோரு வருடத்தில் அவள் ஏழாவதைத் தாண்டியதில்லை. கொட்டகையில் பூங்கோதை தொண்டை கட்டும்வரை கத்தினாள். மன்சூரின் கையைப் பிடித்து உலுக்கினாள். திரையை மட்டும் அவள் பார்க்கவில்லை.

பத்துக்குக் கீழே போனால் பழைய பெயர் திரையிலிருந்து நீங்கிவிடும். தை மாதத்தில் ஒரு ஞாயிறு அது நீங்கியது. இளவேனில் வண்டியின் மேல் உட்கார்ந்து ஒரு நிமிடம் காத்திருந்தாள். அவள் பெயர் மட்டும் வந்தது. பக்கத்தில் பொறியாளரின் வண்டி சீறிக் கிளம்பியது. எல்லோரும் போனபின்தான் அவள் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. பூங்கோதையும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் மீன்குழம்பைப் பிசைந்தபடி அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"விடியக்கால ஒரு கனவு. குழியில ஓட்டுறேன். காலெல்லாம் நல்லா இருக்கு. திருப்பத்துல வந்து சாயுறேன், வண்டி இடுப்புல திரும்புது."

இளவேனிலின் கை சோற்றில் நின்றது.

"உன் மாதிரி திரும்புதுடி. உன்னயே பாத்துப் பாத்து... கனவுலகூட என் மாதிரி வரல. முழிச்சிப் படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். நான் எப்படி ஓட்டினேன்னு எனக்கே மறந்து போச்சு." தட்டைத் தள்ளி வைத்தாள். "உனக்கு ஞாபகம் இருக்கா? கொஞ்சம் காட்டேன்."

இளவேனில் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தைக் கைப்பிடிபோல் பற்றி உட்கார்ந்தாள். கண்ணை மூடி முதல் திருப்பத்தை நினைத்துக்கொண்டாள். உடல் தானாகச் சாய்ந்தது.

"இல்ல" என்றாள் பூங்கோதை. "அது நீ."

மறுபடி தொடங்கினாள். திருப்பத்தைத் தள்ளிப் போட்டாள், மூச்சைப் பிடித்தாள், சாய்ந்தாள். பூங்கோதை தன் நாற்காலியை இன்னும் நெருக்கமாக உருட்டி வந்து, தங்கையின் முதுகையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தாள்.

"இதா?" என்று கேட்டாள். "இது நானா?"

"தெரியலக்கா" என்றாள் இளவேனில், கண்ணைத் திறக்காமல்.