நிட்காவுக்குச் சளி

பாம்புக்குச் சளி பிடிக்கும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஷார்காவின் அம்மா நம்பவில்லை. கீழ்வீட்டு யார்மில் மாமாவும் நம்பவில்லை. மூக்கு இருக்கும் இடமே சரியாகத் தெரியவில்லை, அதற்கு எங்கிருந்து சளி வரும் என்று இருவரும் கேட்டார்கள்.

ஷார்காவுக்கு அது சளிதான் என்று தெரியும். இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், கண்ணாடிப் பெட்டியிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. முதலில் சுவரோரத்து வெந்நீர்க் குழாய் என்று நினைத்தாள். எழுந்து போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். குழாய் இல்லை, நிட்காதான்.

நிட்கா ஆரஞ்சு நிறச் சோளப் பாம்பு. விஷம் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நூல் மாதிரி இருந்தாள். நிட்கா என்றால் அவர்கள் பேசும் மொழியில் நூல்தான். இப்போது ஷார்காவின் கையைவிட நீளமாக வளர்ந்துவிட்டாள். வழக்கமாகச் சுருண்டு படுத்துக்கொள்கிறவள், சில நாட்களாகத் தலையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடியே இருந்தாள். வாயோரத்தில் சின்னதாக ஒரு குமிழி. வைத்த எலியையும் தொடவில்லை.

அம்மாவுக்கும் நிட்காவுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. நிட்கா பெட்டியைவிட்டு வரக்கூடாது, அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் போகமாட்டாள். நிட்காவின் பிறந்தநாளுக்குக்கூட அம்மா கதவருகில் நின்றுதான் வாழ்த்துச் சொல்வாள். இரண்டு பேரும் இதுவரை வாக்குத் தவறியதில்லை.

அன்று அம்மா கதவருகிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். குமிழியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்னடி இது, மூச்சு விடவே கஷ்டப்படுதே" என்றாள்.

விஷயம் எப்படித்தான் கீழ்வீட்டுக்குப் போனதோ, யார்மில் மாமா ஒரு பாட்டிலோடு வந்து நின்றார். உள்ளே வெள்ளையாக வாத்துக் கொழுப்பு. சளி, இருமல் எது வந்தாலும் இதை நெஞ்சில் தேய்த்தால் போதும், அவர் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்களாம். கையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பெட்டி அருகே போனவர், நிட்காவைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். மறுபடியும் வாலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"பாப்பா, இதுக்கு நெஞ்சு எங்க முடியுது?"

"தெரியலையே மாமா."

"அப்ப ஒரு பாட்டில் பத்தாது" என்றார் அவர், மிகவும் கவலையாக.

ஷார்கா நன்றி சொல்லிப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று இரவு அம்மா அந்தக் கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுத்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஷார்காவுக்கு இறங்கவில்லை. நிட்கா செத்துப்போய்விடுவாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் பயமாக இருந்தது.

மறுநாள் அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். அப்பா லாரியோடு ஜெர்மனியில் இருந்தார், அவரைக் கேட்டும் பயனில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரிக்கு அம்மா முதலில் பேசினாள். நாய், பூனை படம் போட்ட பெரிய பலகை வைத்திருப்பார்களே, அது. அங்கிருந்த டாக்டர் அம்மா சொல்லி முடிக்கும் முன்பே, அதெல்லாம் ஒன்றுமில்லை, கொண்டு வாருங்கள், பூனைக்குப் போடுகிற ஊசியையே போட்டுவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. "ஸ்வெட்டர் போடு, கிளம்பலாம்" என்றாள்.

ஷார்கா நகரவில்லை.

"அம்மா, அவர் எதுவுமே கேக்கல."

"என்ன கேக்கணும்?"

"என்ன பாம்பு, எவ்வளவு நீளம், சாப்பிட்டுச்சா, எதுவும் கேக்கல. எனக்குப் பல் வலிச்சப்போ பல் டாக்டர்கூட முதல்ல எந்தப் பல்லுன்னு கேட்டாரு."

அம்மா எடுத்த கோட்டை மறுபடியும் கொக்கியில் மாட்டினாள். மகள் சொன்னதில் தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்து, ஆற்றங்கரைப் பக்கம் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்க்கும் வேரா டாக்டரிடம் பேசினார்கள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எனக்குப் பாம்பைப் பற்றித் தெரியாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். குத்துமதிப்பாக ஏதாவது மருந்து கொடுத்தால் அதுவே அதைக் கொன்றாலும் கொன்றுவிடுமாம்.

அம்மா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "இவங்களுக்குத் தெரியாதாம். நான் அந்த முதல் டாக்டருக்கே ஃபோன் போடறேன்" என்றாள்.

ஷார்கா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

"டாக்டர், நான் ஷார்கா. பாம்பு என்னோடது. உங்ககிட்ட ஒரு பாம்பு இருந்து, அதுக்கு இப்படி ஆச்சுன்னா, நீங்க யார்கிட்ட தூக்கிட்டு ஓடுவீங்க?"

அந்தப் பக்கம் டாக்டர் சிரித்துவிட்டார். "நல்ல கேள்விம்மா. பிர்னோவுல ரெனாட்டான்னு ஒருத்தி இருக்கா, என்கூடப் படிச்சவ. நாங்க எல்லாம் குதிரை பின்னாடி ஓடினப்போ அவ பல்லி பின்னாடி ஓடினா. அவகிட்டதான் போவேன்."

ரெனாட்டா டாக்டர் தொலைபேசியிலேயே கேள்விகளை ஆரம்பித்துவிட்டார். என்ன வகை, என்ன வயது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, கடைசியாக எப்போது தோல் உரித்தது, குமிழி தண்ணீர் மாதிரியா, பசை மாதிரியா? ஷார்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "இவங்க டாக்டரா போலீசா?" என்று அம்மா காதில் கிசுகிசுத்தாள். ஷார்காவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

இன்றே வரச் சொன்னார் டாக்டர். வெளியே பனி உறைந்து கிடந்தது. குளிர் பட்டால் நிட்காவின் நிலைமை இன்னும் மோசமாகும். தலையணை உறையில் போட்டு, உறையின் வாயை முடிச்சுப் போட்டு, கோட்டுக்குள் உடம்போடு அணைத்துக் கொண்டு வரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். உறைத் துணி வழியாகக் காற்றுப் போகும், மூச்சு முட்டாது.

பிர்னோ நகரத்துக்கு ரயில் ஏறினார்கள். அவர்களுடைய நல்ல நேரம், அந்த ரயில்பெட்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஏறியவர்கள் எல்லாரும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஷார்காவின் கோட்டு போன வருடத்துக் கோட்டு. உள்ளே உறை இருந்ததால் மேல் பொத்தான்களைப் பூட்ட முடியவில்லை. அவள் பற்கள் தந்தியடித்தன.

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தன் தடித்த கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"கொடு இங்க."

"நிஜமாவாம்மா?"

"சீக்கிரம் கொடு. யோசிச்சா மாட்டேன்னு சொல்லிடுவேன்."

உறை அம்மாவின் கோட்டுக்குள் போனது. அம்மா கம்பம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரில் இருந்த பெரியவர் சாப்பிட ரொட்டி நீட்டினார், அம்மா தலையை மட்டும் மிக மெதுவாக ஆட்டி வேண்டாம் என்றாள்.

"ஷார்கா, அசையுது" என்றாள், உதடு மட்டும் அசைய.

"அசையட்டும்மா. அசைஞ்சா நல்லதுதான்."

"உனக்கு நல்லது" என்றாள் அம்மா. ஆனால் பிர்னோ வரும்வரை உறையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரெனாட்டா டாக்டர் குள்ளமானவர், ஸ்வெட்டரின் கைகளை முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தார். நிட்காவை உடனே குத்தவோ அமுக்கவோ இல்லை. கையில் ஏந்தி, அவளாக ஊர்ந்து போகவிட்டு, சும்மா பார்த்தார். பிறகு எடை பார்த்தார். ஈரத் துணியை நிட்காவின் மேல் சுற்றி, அதன்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். செதில் உரசுகிற சத்தம் துணி இருந்தால் கேட்காதாம். வாயைத் திறந்து பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் சளி எடுத்து வைத்துக்கொண்டார்.

"சளி நுரையீரலுக்கு இறங்கியிருக்கு. மருந்து இருக்கு, போடலாம். ஆனா ஏன் வந்துச்சுன்னு தெரியாம மருந்து போட்டா, திரும்பவும் வரும்" என்றார். "பெட்டிக்குள்ள சூடு எவ்வளவு இருக்கு?"

ஷார்கா சொன்னாள். அது சரியான சூடுதான் என்றார் டாக்டர்.

"எப்பப் பார்ப்ப?"

"ஸ்கூல்லேர்ந்து வந்ததும். தினமும்."

"காலையில?"

"காலையில பார்க்க நேரம் இருக்காது டாக்டர்."

"சரி. பெட்டி எங்க இருக்கு?"

"என் ரூம்ல. ஜன்னலுக்குக் கீழ. அவளுக்கு வெயில் பிடிக்கும்னு கோடையில நகர்த்தி வெச்சேன்."

"காலையில எழுந்ததும் என்னென்ன செய்வ? ஒண்ணுவிடாம சொல்லு."

ஷார்கா சொல்ல ஆரம்பித்தாள். எழுந்திருப்பேன், ஜன்னலைத் திறப்பேன், இறகுப் போர்வையை ஜன்னல்மேல் போட்டுக் காற்றாட விடுவேன், பல் தேய்ப்பேன்...

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

அவர்கள் குடியிருப்பில் எல்லா ஜன்னலிலும் காலையில் போர்வை தொங்கும். பனி பெய்தாலும் தொங்கும். போர்வை தொங்காத வீட்டை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஷார்கா இந்த வேலையை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. அவள் பல் தேய்த்து, ரொட்டி சாப்பிட்டு, பையை மாட்டுகிறவரை அந்தப் பனிக்காற்று முழுவதும் நேரே கீழே இருந்த பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. மாலையில் அவள் வந்து பார்க்கும்போது பெட்டி மறுபடியும் சூடாகியிருக்கும்.

"நான்தான் பண்ணியிருக்கேன்" என்றாள் ஷார்கா. கண்ணில் நீர் முட்டியது.

"நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் அம்மா அவசரமாக. "எனக்கு எங்கம்மா சொல்லிக் கொடுத்தாங்க."

"எங்க வீட்லயும் இப்பவும் தொங்குது" என்றார் டாக்டர், சாதாரணமாக. "தப்பு ஒண்ணும் இல்ல. நமக்குக் குளிர்ந்தா ஸ்வெட்டர் போட்டுக்கிறோம். இவளுக்கு அது முடியாது, அவ்வளவுதான். பெட்டியை உள்சுவர் பக்கம் தள்ளு. போர்வையை வேற ரூம் ஜன்னல்ல போடு."

முதல் ஊசியை அவரே போட்டார். பாம்புக்கு எப்போதும் உடம்பின் முன்பாதியில்தான் ஊசி போடவேண்டும் என்று காட்டினார். மீதி ஊசிகளுக்கு ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் குளிரில் அலைய வேண்டாம் என்று, வேரா டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எப்படி, எவ்வளவு என்று விளக்கினார். சொல்லிக் கொடுத்தால் தாராளமாகப் போடுகிறேன் என்றார் வேரா டாக்டர்.

போட்டார். மாடுகளுக்குப் போட்டே பழகியவர், அதனால் முதல் தடவை ஊசியை வைக்கும் முன் நிறுத்தினார். "முன்பாதிதானே?" என்று ஷார்காவிடம் கேட்டார். "முன்பாதிதான் டாக்டர்" என்றாள் ஷார்கா. அடுத்த தடவை அவர் கேட்கவில்லை.

குமிழி முதலில் போனது. பிறகு நிட்கா தலையைக் கீழே வைத்துச் சுருண்டு படுத்தாள். இரவில் விசில் கேட்கிறதா இல்லையா என்று ஷார்காவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் இல்லை என்று தோன்றியது. மறுநாள் இருப்பதுபோலவும் தோன்றியது. ஆசைப்பட்டுக் கேட்டால் காது எதை வேண்டுமானாலும் சொல்லும்.

ஊசிகள் எல்லாம் முடிந்ததும் மறுபடியும் பிர்னோவுக்குப் போனார்கள். ரெனாட்டா டாக்டர் எடை பார்த்தார், வாய்க்குள் பார்த்தார். ஈரத் துணியைச் சுற்றி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நீண்ட நேரம் கேட்டார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி ஷார்காவின் காதில் மாட்டிவிட்டார்.

"நீ கேட்டுச் சொல்லு."

ஷார்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல டாக்டர்."

"ஆமா" என்றார் டாக்டர். "பாம்பு நல்லா இருந்தா அப்படித்தான். ஒண்ணுமே கேக்கக் கூடாது."

ஷார்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா இரண்டு அடி முன்னால் வந்து, ஒரே ஒரு விரலால், நிட்காவின் வால் நுனியைத் தொட்டாள். ஷார்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒன்றுமே இல்லாத சத்தத்தை அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கேட்கவேண்டும்போல இருந்தது.