படிவத்தில் இல்லாத கட்டம்

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், முப்பது வருடமாகச் செத்துக் கிடந்த நமது ஓடை உயிர் பெற்றுவிட்டது. நாளை காலை பத்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று பாட, ஓடை மக்களுக்கு அர்ப்பணிக்கப்படும். அனைவரும் வருக.

இந்த அறிவிப்பு, ஓடைப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருந்தது, கழிவறைக் கதவிலும். எழுதியவர் இயக்குநர். ஒலிபெருக்கியைக் கண்டால் கை தானாக நீளும் என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் மைக். ஓடைக்கு உயிர் வந்ததற்கு அத்தாட்சி தர வேண்டியவள் பின்பக்க ஆய்வறையில் இருந்தாள். ஓடைப் பூச்சிகளை எண்ணுவது வேலை. அதனால் பூச்சியக்கா.

அழுக்குத் தண்ணீரில் வாழாத புழு ஒன்று உண்டு. மணல், சருகு, குச்சி என்று கிடைத்ததையெல்லாம் தன் நூலால் ஒட்டி, தன்னைச் சுற்றிக் குழாய்போல ஒரு கூடு கட்டிக்கொண்டு, வீட்டோடு நகரும். அது இருந்தால் தண்ணீர் சுத்தம். ஓடையின் உடல்நிலைப் படிவத்தில் பத்து மதிப்பெண். பதினெட்டு வருட வேலையில் இந்த ஓடையில் அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இன்று காலை வலையில் வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு.

கூடுகள் வெள்ளையாக இருந்தன. ஓடையில் இருப்பதோ கறுப்புச் சேறு. ஒன்றை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னப் பிறைகள்.

நகம்.

மைக் தன் அறையில் கண்ணாடி முன் நின்று நாளைய பேச்சுக்குக் கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் புழுவெல்லாம் நகத்தால கூடு கட்டியிருக்கு. மனுஷ நகம்."

"புழு இருக்கா இல்லையாம்மா?"

"இருக்கு. ஆனா சார்..."

"கூடு எதால கட்டிச்சுன்னு எழுதப் படிவத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? எவனோ நகம் வெட்டிப் போட்டிருப்பான். புழு மறுசுழற்சி பண்ணுது. நல்லா இருக்கே, பேச்சுல சேத்துக்கறேன்."

"பிள்ளைங்க இறங்க வேண்டாம் சார். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. என் பொண்ணும் அதுல பாடறா."

"மேடை போட்டாச்சும்மா. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சுகாதாரத் துறைக்குத் தொலைபேசினாள். ஓடை உங்கள் இலாகாதானே என்றார்கள். எங்கள் இலாகாதான், அதனால்தான் கேட்கிறேன் என்றாள். அப்படியென்றால் உங்கள் இயக்குநரிடம் பேசுங்கள் என்றார்கள். பள்ளியில் காவலாளி எடுத்தார். எல்லாரும் ஒத்திகைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். எங்கே என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஆய்வறையில் குளிர்பெட்டியின் முனகலும் குழாய் சொட்டும் சத்தமும் வழக்கம்போலவே இருந்தன; ஜன்னல் திரையின் பட்டைகள் வழியே விழுந்த நாலு மணி வெயில் மேசைமேல் கோடு கோடாகக் கிடந்தது; பதினெட்டு வருடமாகத் துணிகளிலும் தலைமுடியிலும் ஊறியிருந்த ஓடை நாற்றம் மட்டும் சுத்தமாக இல்லை, அந்த இடத்தில் கழுவி வைத்த கண்ணாடி டம்ளரின் வாசனை இருந்தது; எல்லாவற்றுக்கும் அடியில், யாரோ பொறுமையாக அரம் போட்டுத் தேய்ப்பதுபோல, புழுக்களைக் கொட்டி வைத்திருந்த வெள்ளைத் தட்டிலிருந்து ஒரு மெல்லிய கறகறப்பு.

காலையில் சோதித்துப் பார்க்க ஒரு புழுவை மட்டும் வெறும் விரலால் கூட்டிலிருந்து உருவித் தனிக் கிண்ணத்தில் விட்டிருந்தாள். கிண்ணத்தில் மணல் இல்லை. சருகு இல்லை. தண்ணீர் மட்டும். கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

புழு புதுக் கூட்டில் இருந்தது.

கூடு செம்பு நிறம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குப் பூசிவிட்ட நகப்பூச்சின் நிறம்.

அதை உருவிய பிறகு காலையில் மாட்டிய கையுறை இன்னும் கையில்தான் இருந்தது. கழற்றினாள். கட்டைவிரல். ஆள்காட்டி விரல். இரண்டின் நுனியும் வழவழவென்று. ரத்தம் இல்லை. வலி இல்லை. நகம் இருந்த தடமே இல்லை.

கதவு திறந்தது.

மகள். சீருடை முழங்கால்வரை நனைந்திருந்தது. காலணி கையில். தலை குனிந்திருந்தது.

"அம்மா, இன்னைக்கே இறக்கிட்டாங்க. ஒத்திகை." சொற்கள் கொஞ்சம் வழுக்கின. "தண்ணி அவ்ளோ சுத்தம்மா. கூசிக்கிட்டே இருந்துச்சு."

அவள் மகளின் பாதங்களைப் பார்த்தாள். பத்து விரல். பத்தும் வழவழ.

"வலிச்சுதாடி?"

"எதுக்கு வலிக்கணும்? ஜாலியா இருந்துச்சு. வாயில தண்ணிய வச்சு ஒருத்தர்மேல ஒருத்தர் பீச்சி விளையாடினோம்."

மகள் நிமிர்ந்தாள். சிரித்தாள்.

ஈறு. மேலேயும் கீழேயும் ஈறு. இளஞ்சிவப்பாக, ஒரு பள்ளம்கூட இல்லாமல், கழுவித் துடைத்ததுபோல.

சரியாக ஐந்து மணிக்கு மைக் வந்து, மேசையில் கிடந்த படிவத்தை எடுத்து, கையெழுத்து இடத்தில் 'அவருக்காக' என்று எழுதித் தாமே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

ஓடையின் உடல்நிலை, பத்துக்குப் பத்து.